மாதனூரிலிருந்து கச்சேரிக்குப் போன துப்பாக்கி

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் எதிரே வந்தது ஆள் இல்லை, நெடி. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலும் ஆவாரம்பட்டைச் சாறும் சேர்ந்து எழுப்பும் அந்த நெடிக்கு ஊர்க்காரர்கள் பழகிப்போயிருக்கிறார்கள். கொழும்பின் உப்புக் காற்றிலேயே இத்தனை வருஷம் இருந்துவிட்ட நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வெளியூராம்மா? சாயங்காலத்துக்குள்ள பழகிடும்" என்றார். அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே பழகிவிட்டது.

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் மருத்துவச்சி வேலை பார்க்கிறேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி அறுத்தவள், தம்பி பிள்ளையின் முகம் பார்க்காமல் இருக்க முடியுமா? என் தம்பி சாமுவேலுக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அத்தை வராமல் ஞானஸ்நானம் நடக்காது என்று கொழும்புக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். துறைமுகத்தில் என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் புறப்பட்டு வந்துவிட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காவோடு காதர் பாய் நின்றிருந்தார். தாடியில் பாதி மருதாணிச் சிவப்பு, பாதி வெள்ளை.

"சாமுவேலு அக்காதானே நீங்க? மூஞ்சியே சொல்லுது. அவன் என் தோஸ்து. இன்னிக்கி அவனுக்குக் கெணத்துல தண்ணி முறை. உட்டுட்டு வந்தான்னா போச்சி. அதான் என்ன அனுப்பிச்சான்."

புறப்படும் முன் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி மந்தாரை இலையில் கட்டிய பிரியாணிப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து என் மடியில் வைத்தார். ஊருக்கு வெளியே ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்கள் கொழும்பிலும் பிரியாணி உண்டு. அது நெய்யில் மிதக்கும், முந்திரியும் திராட்சையும் பல்லில் படும். ஆம்பூர் பிரியாணிக்கு அந்தப் பகட்டெல்லாம் இல்லை. மெலிந்த சின்ன அரிசி, மிளகாய் அரைத்த காரம், எலும்போடு ஆட்டுக்கறி, பக்கத்தில் புளிப்பான கத்திரிக்காய். பயணக் களைப்பில் சாப்பிட்டதாலோ என்னவோ, இலையை வழித்துச் சாப்பிட்டேன். காதர் பாய் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு குதிரையோடு உருதுவில் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "பேகம், விருந்தாளி வந்திருக்காங்க, இன்னிக்கி ஒரு நாளாவது மானத்தக் காப்பாத்துன்னு சொன்னேன்" என்றார்.

பேகம் மானத்தைக் காப்பாற்றினாள். சக்கரம்தான் காப்பாற்றவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கடையாணி எங்கேயோ கழன்று விழுந்து, இடது சக்கரம் எங்களை முந்திக்கொண்டு ஓடிப்போய்ச் சோளக்கொல்லையில் படுத்துக்கொண்டது. வண்டி ஒரு பக்கம் சாய, நான் என் தகரப் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி ரோட்டில் வந்து உட்கார்ந்தேன். அடி ஒன்றும் இல்லை. பின்னால் ஆவாரம்பட்டைக் கட்டு ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் இறங்கி, வேலமரத்தில் ஒரு கொம்பு வெட்டிச் சீவி, அதையே கடையாணியாக அடித்துக் கொடுத்தார். அந்தக் கொம்போடு மாதனூர் போய்ச் சேர்ந்தோம்.

சாமுவேலின் மனைவி ஞானம் வாசலிலேயே குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டாள். ரோஜாப்பூ நிறம், என் அம்மாவின் நெற்றி. தூங்க வைக்க உள்ளே கொண்டுபோனேன். விட்டத்திலிருந்து தூளி தொங்கியது. தூளிக்கு நேர் மேலே, சுவரில் அடித்த இரண்டு முளைகளின் மீது, ஒரு நாட்டுத் துப்பாக்கி படுத்திருந்தது. பக்கத்தில் ஆணியில் ஒரு தோல் பை. அதில் வெடிமருந்தும் ஈய ரவையும்.

"இது எப்போ வந்தது?"

"போன வருஷம்க்கா" என்றான் சாமுவேல், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. "மலையிலேர்ந்து பன்னி எறங்குது. வேர்க்கடல மொத்தமும் போய்டுது. வேலூர்ல கலெக்டர் கச்சேரில எழுதிக் குடுத்தேன், லைசென்ஸ் குடுத்தாங்க. ஊர்லயே எங்கிட்டதான் இருக்குது." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் தோள் சற்று உயர்ந்தது.

"பிள்ளை தலைக்கு மேலயா வைப்பாங்க?"

"குழலுக்குள்ள மருந்து கெடையாதுக்கா. பை தனியா தொங்குது, பாத்தியா?"

"மருந்து போட்டுக் கெட்டிக்கிறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு பீடி பத்த வைக்கிற நேரம்" என்றான், பெருமையாக.

மறுநாள் முழுவதும் விருந்தாளிக் கவனிப்புதான். காலையில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். கொழும்பில் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று மெலிந்துபோன வயிறு அன்று காற்று நின்ற குளம் போல அமைதியாகிவிட்டது. பிறகு வேர்க்கடலைக் கொல்லையைச் சுற்றிக் காட்டினான். பன்றி உழுதுவிட்டுப் போன சால்களைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. அவனுடையது ஒரு பாதி, பக்கத்துக் கொல்லைக்காரர் கோவிந்தசாமியுடையது மறுபாதி. ஒரு நாள் இவன் மாடு கவலை ஏற்றத்தில் தண்ணீர் இழுக்கும், மறுநாள் அவர் மாடு. கோவிந்தசாமி சின்ன வயதில் எங்களோடு ஆற்று மணலில் விளையாடியவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார்.

"இன்னாக்கா, சீமையிலேர்ந்து வந்துட்டியா? இவ்ளோ கறுத்துட்டியே."

"கடல் காத்துப்பா."

"எங்க ஊட்டுக்கும் ஒரு வேள வந்து சாப்புடு" என்றார். சாமுவேல் திரும்பியே பார்க்கவில்லை.

மதியம் ஞானத்தோடு அரிசி புடைக்கும்போது காரணம் கேட்டேன். தண்ணீர் முறைதான். இந்தக் கோடையில் ஊற்று இறங்கிவிட்டது. ஒருவர் முறையில் மற்றவர் அரை மணி இழுத்தால்கூடச் சத்தம்.

"சத்தம் எப்பவும் இருக்கறதுதான்க்கா" என்றாள் ஞானம். முறத்தை நிறுத்தினாள். "முன்னெல்லாம் கத்திட்டு வருவாரு, சாப்புடுவாரு, மறந்துடுவாரு. இது வந்ததுக்கப்புறம் கத்திட்டு வந்து சொவத்தப் பாக்கறாரு. ஒண்ணும் செய்யறதில்ல, பாக்கறாரு. அதுதான்க்கா எனக்குப் பயம்."

அன்று மாலை தம்பியிடம் கொழும்பில் எங்கள் சந்தில் நடந்த ஒன்றைச் சொன்னேன். கிடங்குக் காவலாளி ஒருவர், முதலாளி கொடுத்த துப்பாக்கியோடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனனோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ஏதோ கேலி. மைத்துனன் எழுந்து சிரித்தபடி வாசலுக்குப் போகிறான். துப்பாக்கி சுவரில் சாய்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் மருத்துவச்சி இருக்கிறாளே என்று என்னைக் கூப்பிட ஓடி வந்தவர் சுட்ட அந்த மனிதரேதான். நான் போய்ப் பார்த்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. "தைக்க முடியாதாம்மா? தைக்க முடியாதா?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். போலீஸ் வந்து அழைத்துப் போகும்போதும் என்னைத் திரும்பிப் பார்த்து அதையேதான் கேட்டார்.

"குடிகாரனா இருந்திருப்பான்" என்றான் சாமுவேல்.

"கோயில்ல பாட்டுப் பாடறவர். மோர் தவிர ஒண்ணும் குடிக்கமாட்டார்."

சாமுவேல் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஞானம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தாள். மறுநாள் ஞானஸ்நானம், போதகர் வீட்டுக்கு வருவார். படங்கள், கண்ணாடி, காலண்டர் எல்லாவற்றையும் சுவரிலிருந்து இறக்கினாள். நான் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். அன்று தம்பியின் முறை. மாட்டை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போயிருந்தான்.

வெயில் ஏறிய நேரத்தில் கிணற்றுப் பக்கம் சத்தம் கேட்டது. முதலில் இரண்டு குரல். பிறகு சொற்களும் தெளிவாகக் கேட்டன. கோவிந்தசாமியின் மாடுகள் இன்னும் கவலையில் நிற்கின்றன, நாற்றங்காலுக்கு இன்னும் கொஞ்சம் பாய வேண்டும் என்கிறார். முடியாது என்கிறான் தம்பி. அப்புறம் கோவிந்தசாமி சொன்னதும் கேட்டது.

"இத்தினி வருசம் கழிச்சிப் பெத்தது பொட்டப் புள்ள. அதுக்கு ஊரக் கூட்டி விருந்து. தண்ணி வேணுமாம் தண்ணி."

அடுத்த நொடி தம்பி ஓடி வருவது தெரிந்தது. என் தம்பியின் முகத்தை அவன் பிறந்ததிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். அந்த முகம் அன்றுதான் முதல்முறை. என்னைத் தாண்டி உள்ளே போனான். எண்ணெய்க் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

சுவர் ஈரமாக, வெள்ளையாக இருந்தது. முளைகள் இரண்டும் காலி. ஆணியும் காலி.

"எங்க அது?"

"எது?" என்றாள் ஞானம். சுண்ணாம்பு மட்டையை வாளியில் தோய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எங்கடி அது?"

"சொவத்துக்கு அடிக்கணும்னு எறக்கினேன். எங்கன்னு இப்ப தெரியல."

கதவுக்குப் பின்னால் பார்த்தான். பாய்ச் சுருளை உதறினான். சமையல் அறையில் பானைகள் உருளும் சத்தம் கேட்டது. மாட்டுக் கொட்டகைக்கு ஓடி வைக்கோலைக் கிளறினான். மறுபடி உள்ளே வந்தான். எனக்கு உண்மையாகவே எங்கே என்று தெரியாது. தெரிந்திருந்தால் என் கண் காட்டிக்கொடுத்திருக்கும். குழந்தை அழ ஆரம்பித்தது. திரும்பிய வேகத்தில் அவன் கால் வாளியில் இடறி, சுண்ணாம்புத் தண்ணீர் முழுவதும் அவன் பாதத்தில் கொட்டியது. காலையில் முள் குத்திய புண் இருந்திருக்கிறது.

"எரியுது" என்றான். பிறகு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, கால் எரியுது."

குழந்தையை ஞானத்திடம் கொடுத்துவிட்டுச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டு அவன் காலைக் கழுவினேன். தண்ணீர் விடவிட மூச்சு இறங்கியது. முகமும் பழைய முகமாயிற்று.

"நான் இன்னாக்கா பண்ண வந்தேன்?" என்று கேட்டான். நான் தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவினேன்.

சாயங்காலம் வேலிப் பக்கம் கோவிந்தசாமியின் மனைவி பச்சையம்மாவின் குரல் கேட்டது. "ஞானம், சொவரு காஞ்சிச்சா? ஒம் பாய எடுத்துக்கோ, எங்க பரண்ல எடம் பத்தல." தலையில் ஒரு பாய்ச் சுருளோடு வந்தாள். பின்னால், சமாதானம் பேசும் முகத்தோடு, கோவிந்தசாமி. பாயைத் தரையில் வைத்ததும் அது தானாக விரிந்து, துப்பாக்கி வெளியே தெரிந்தது.

கோவிந்தசாமி துப்பாக்கியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இது நம்மூட்லயா இருந்துச்சி?"

"காலைலேர்ந்து. கட்ட நம்மூட்டுப் பரண்ல. மருந்துப் பை இவ ஊட்டு உப்புப் பானையில" என்றாள் பச்சையம்மா. "ஒரே ஊட்ல ரெண்டும் இருக்கக் கூடாதுன்னு நாங்க பேசிக்கினோம்."

இரண்டு பெண்களும் மாவு அரைக்கும் இடத்தில் வைத்துப் பேசி முடித்த ஏற்பாடு. சுண்ணாம்பு ஒரு சாக்கு. எனக்குக்கூடச் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் முழுத் துப்பாக்கி இல்லை. ஒரு வீட்டில் இரும்பு, இன்னொரு வீட்டில் ஈரம் ஏறிய மருந்து.

கோவிந்தசாமி மெதுவாக உட்கார்ந்தார். "காலைல நானும் ஊட்டுக்கு ஓடினேன்பா. கொடுவாள் எடுத்துக்கினு கால்வா வரைக்கும் வந்தேன். நின்னேன். யாரும் வரல. வெயிலு. திரும்பிட்டேன்." துப்பாக்கியைக் காட்டி, "எந்தலைக்கு மேலயே இது இருந்துச்சின்னு தெரிஞ்சிருந்தா, கொடுவாள எடுத்திருப்பேனா?" என்றார். பிறகு அவரே, "பொட்டப் புள்ளன்னு சொன்னது தப்புதான். கொண்டா அத" என்று குழந்தையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம கச்சேரிக்குப் போய் ஒப்படைச்சிடலாம்க்கா, நீயும் வா" என்றான் சாமுவேல்.

ஞாயிறு நல்லபடியாக நடந்தது. தண்ணீர் தெளித்தபோது குழந்தை போதகரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. மதியம் பெரிய அண்டாவில் கறிச்சோறு. காதர் பாய் வந்து தாளிப்பை மேற்பார்வை பார்த்தார். கோவிந்தசாமி வீட்டில் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி இவ்வளவு எழுதினால் போதும். நல்ல விருந்தில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

திங்கட்கிழமை அதே பாயில் சுற்றி, கயிறு கட்டி, ரோட்டுக்கு வந்து வேலூர் பஸ் ஏறினோம். பெண்களுக்கு முன்னால் ஒரு பெஞ்சு. தம்பி எனக்கு நேர் பின்னால், பாயை முழங்காலுக்கிடையே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"பாயில இன்னா, கரும்பா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த ஜவுளிக்காரர்.

"துப்பாக்கிங்க."

பஸ்ஸில் சட்டென்று இடம் உண்டாயிற்று. கொஞ்ச தூரம் போனதும் அந்த இடம் மறுபடி நிரம்பியது. எல்லோருக்கும் பார்க்க வேண்டும். லைசென்ஸ் காகிதம் கையில் இருக்கிறதா என்று கண்டக்டர் கேட்டுக்கொண்டு, பிறகு அவரும் எட்டிப் பார்த்தார். மருந்து இல்லை, வெறும் கட்டைதான் என்று தம்பி சொன்னதும் ஜவுளிக்காரர் கை நீட்டினார். நல்ல மனிதர், வழியெல்லாம் எனக்கு வெயில் படாமல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். துப்பாக்கியைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினார். குழலை ஜன்னல் வழியே நீட்டி எதையோ தேடினார். வரப்பில் தலைச்சுமையோடு ஒருவன் போய்க்கொண்டிருந்தான். குழல் அவனோடு கூடவே நகர்ந்தது. "டப்பு" என்று வாயால் சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பக்கமே கொல்லையும் இருந்தது, புதரும் இருந்தது. தோளில் ஏறியதும் அது முதலில் தேடியது பன்றியை இல்லை என்று நான் கவனித்தேன். தம்பியும் கவனித்தான் போலிருக்கிறது. கை நீட்டி வாங்கிப் பாயில் சுற்றிவிட்டான்.

பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போனார். எல்லோரும் இறங்கி நிழலில் உட்கார்ந்தோம். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"கையில இருக்கறத யாராவது தூக்கிக் குடுப்பாங்களா? ஒரு கொள்ளக்காரன் வந்தா இன்னா பண்ணுவே?" என்றார் ஜவுளிக்காரர்.

தம்பி மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "கொள்ளக்காரன் எங்கூட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லைங்க. நான் தெனம் வர்றேன்" என்றான்.

ஜவுளிக்காரருக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. கூடை நிறைய முள் கத்திரிக்காயோடு வந்திருந்த ஓர் அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினாள்.

"எங்க ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. புளியமரத்துக்குச் சண்ட. கழி எடுத்துக்கினு அடிச்சிக்கினாங்க. ஒருத்தனுக்கு மண்ட ஒடஞ்சிச்சி, ஒருத்தனுக்குக் கை. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாதான் அந்த மரத்த ஒலுக்கறானுங்க. இது இருந்திருந்தா ஒருத்தன் சுடுகாட்ல, ஒருத்தன் ஜெயில்ல. புளி காக்காய்க்கு."

டிரைவர் தண்ணீரோடு வந்தார். பஸ் கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்பியது. கிளம்பும் முன் ஆண்கள் எல்லோரும் தள்ள வேண்டியிருந்தது. துப்பாக்கியை நான்தான் பிடித்துக்கொண்டேன். பாய்க்குள் இருந்தாலும் அதன் கனம் தெரிந்தது. என் வாழ்நாளில் கையில் எடுத்த எல்லாக் குழந்தைகளையும்விடக் கனமாக இருந்தது.

வேலூர்க் கச்சேரியில் வேப்பமரத்தடியில் கூட்டம். எங்கள் முறை வர மதியமாயிற்று. குமாஸ்தா முன்வழுக்கைக்காரர், நல்ல மாதிரி. காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்பா, இது கெடைக்கறதுக்கு எத்தன பேரு நடையா நடக்கறான் தெரியுமா? குடுத்துட்டா திரும்பக் கெடைக்கறது கஷ்டம்."

"பரவால்லைங்க."

"எதுக்கு வேணாங்கறே? காரணம் எழுதணும்."

தம்பி கொஞ்சம் யோசித்தான். "கோவம் வருதுங்க" என்றான்.

குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் வைத்துவிட்டு அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "அதெல்லாம் இதுல எழுத முடியாதுப்பா" என்று மெதுவாகச் சொல்லி, 'பன்றித் தொல்லை தற்சமயம் இல்லை' என்று எழுதினார்.

பன்றித் தொல்லை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி என் கையை அழுத்தினான்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது எனக்கு அதே நினைவாக இருந்தது. துப்பாக்கி கொடுத்தபோது இவனிடம் என்னவெல்லாம் கேட்டிருக்கிறார்கள்? நிலம் இருக்கிறதா, பன்றி வருகிறதா, வரி கட்டியாயிற்றா. கேட்க வேண்டியதுதான். ஆனால் உன் வீட்டில் யார் இருக்கிறார்கள், பக்கத்துக் கொல்லைக்காரனோடு பேச்சு உண்டா, இதை எங்கே மாட்டி வைப்பாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞானத்தையோ பச்சையம்மாவையோ கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்குச் சட்டம் தெரியாது. பன்றிக்கென்று வேண்டுமானால் ஊர்ச் சாவடியில் ஒன்று பூட்டி வைக்கட்டும், பன்றி இறங்கும் மாதத்தில் இரண்டு பேராகக் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகட்டும், வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டட்டும். வீட்டுச் சுவரில் மட்டும் வேண்டாம். என் தம்பி நல்லவன். அந்தக் காவலாளியும் நல்லவர்தான். நல்லவனும் ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்துக்குக் கெட்டவனாகிவிடுவான். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது வெறும் சுவராக இருந்துவிட்டால், அவன் திரும்ப நல்லவனாகி எழுந்துவிடுகிறான். சனிக்கிழமை அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கோட்டை அகழிக்கரையில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். தம்பி மூன்று முறை சோறு வாங்கினான். ஆற்காட்டு மக்கன் பேடா என்கிற இனிப்பு விற்ற ஒரு கடையில் இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னான். எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை. அகழித் தண்ணீரில் மதில் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய மதில், அத்தனை பீரங்கி மேடை, இப்போது மேலே ஆடு மேய்கிறது. கொழும்பில் வெள்ளைக்காரன் கட்டிய கோட்டைக்குள் இன்று கடைகள் இருக்கின்றன. கோட்டைகளுக்கு இப்படி ஒரு முதுமை வாய்ப்பது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் தம்பி என் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கினான்.

பன்றிகள் அதற்காகச் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை பார்த்தால் வடக்கு ஓரம் இரண்டு சால் வேர்க்கடலை போய்விட்டது. கோவிந்தசாமியும் தம்பியும் சேர்ந்து முள்வேலி கட்டினார்கள். காதர் பாய் மண்ணெண்ணெய்த் தகரங்கள் கொண்டுவந்து கயிற்றில் கோத்துக் கொடுத்தார். இழுத்தால் ஊர் முழுக்கக் கேட்கும். பன்றிகள் கொஞ்சம் தயங்குகின்றன, முழுதாக நிற்கவில்லை. பன்றி தின்றது போக மிஞ்சியதுதான் இந்த வருஷத்து மகசூல். அதையும் இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான் புறப்பட வேண்டிய நாள் காலை. முற்றத்தில் ஞானமும் பச்சையம்மாவும் நானும் எனக்குக் கொடுத்தனுப்பும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தோம். குழந்தை என் மடியில். கிணற்றுப் பக்கம் திடீரென்று சத்தம்.

"எம் முறைல எதுக்குடா மாட்டப் பூட்டினே?" தம்பியின் குரல்.

"ஒம் முறையா? நேத்து வேலி கட்டப் போனமே, அந்த அர நாளு யாரு கணக்கு?"

"அது ஒங் கொல்லக்கும் சேத்துத்தானே?"

என் கை தானாக நின்றது. மற்ற இருவரையும் பார்த்தேன். ஞானத்தின் விரல் உரித்துக்கொண்டேதான் இருந்தது. பச்சையம்மா காதைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள். சத்தம் ஏறியது. அவர்கள் அப்பன் பாட்டன் எல்லோரும் பேச்சில் வந்து போனார்கள். மாடுகூட ஒரு முறை கத்தியது. காலடிச் சத்தம் எதுவும் வீட்டை நோக்கி வரவில்லை.

"இன்னிக்கி ஒங்க ஊட்டுக்காரருதான் ஜாஸ்தி கத்தறாரு" என்றாள் பச்சையம்மா.

"ஒங்களுது கம்மியா?" என்றாள் ஞானம். "தொண்ட கட்டிக்கப் போவுது ரெண்டுக்கும்."

முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போனாள். பெரிய சொம்பில் இரண்டு பேருக்கும் சேர்த்து மோர் கலக்கும் சத்தம் கேட்டது.